மருந்தின் பெயர் என்ன?

செய்தி எழுத வருபவர்க்கு முதலிற் கற்பிக்கப்படுவது கேள்விகளே. யார், என்ன, எப்போது, எங்கே, ஏன், எப்படி? இவற்றுள் 'என்ன', 'எப்போது' என்னும் இரண்டும் ஓர் உயிரைக் காக்க வல்லவை என்பதை, என்னோடு பல்லாண்டு பணியாற்றிய ஒப்புநோக்குநர் ஒருவரின் நோய் எனக்கு உணர்த்தியது.

கால் பெருவிரல் வீங்கி நோவெடுத்ததால், யூரிக் அமிலத்தைக் குறைக்கும் குளிசை அவருக்குக் கொடுக்கப்பட்டது. மூன்றாவது வாரத்திற் காய்ச்சல், தொண்டை நோவு, கண் சிவப்பு. பின்னர் நெஞ்சிலும் முகத்திலும் செந்நிறப் புள்ளிகள் தோன்றிக் கொப்புளங்களாயின. வீட்டார் அம்மாள் வருத்தம் என்று வேப்பிலை கட்டினர். குளிசையோ நாள் தவறாமற் கொடுக்கப்பட்டது.

உதடும் வாயும் புண்ணாகித் தண்ணீரும் இறங்காத நிலையிலேயே வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றனர். "இரண்டு மாதத்துக்குள்ள புதுசா என்ன மருந்து எடுத்தவர்?" என்று இளம் வைத்தியர் கேட்டார். "ஒரு வெள்ளைக் குளிசை, டொக்டர்" என்றார் மனைவி. குளிசை இருந்த கடதாசி உறையில் 'காலை 1' என்பதைத் தவிர வேறொன்றும் எழுதப்படவில்லை. மருந்துத் துண்டைத் தேடியெடுக்க அரை நாள் சென்றது. அதில் இருந்த பெயர் அலோபியூரினோல்.

இந்நோய்க்கு ஸ்டீவன்ஸ்-ஜோன்சன் நோய்த்தொகுதி என்று பெயர். 1922இல் அமெரிக்க வைத்தியர் இருவர், இரண்டு சிறுவர்களிற் கண்டு விவரித்தது. உடலின் தோலிற் பத்து வீதத்துக்குக் குறைவாக உரிந்தால் இப்பெயர். முப்பது வீதத்தைத் தாண்டினால் அது இதன் கொடிய வடிவமாகும். 1956இல் அலன் லயல் என்னும் தோல் வைத்தியர் அதனை விவரித்தார். அந்நிலையை அடைந்தோரில் ஏறக்குறைய மூவரில் ஒருவர் இறக்கின்றனர்.

சாதாரண மருந்து ஒவ்வாமையிற் தோல் கடிக்கும். இதிலோ பெரும்பாலும் நோகும். கண், வாய், பிறப்புறுப்பு ஆகியவற்றின் மென்தோல் புண்ணாகும். விரலால் மெல்லத் தேய்த்தாலே தோல் கழன்று வரலாம். மருந்தைத் தொடங்கி நான்கு நாள் முதல் நான்கு வாரத்துக்குள்ளேயே பெரும்பாலும் இது தோன்றும். வலிப்புக்குரிய கார்பமசெபின், பெனிற்றோயின், லமோற்றிஜின், சல்பா வகை மருந்துகள் ஆகியனவும் இதற்குக் காரணமாகலாம். தோலிற் சிறு துண்டெடுத்துச் சோதிப்பது நோயை உறுதிப்படுத்த உதவும். எந்த மருந்தினால் வந்தது என்பதை அது சொல்லாது. அதனைச் சொல்வது நாட்கணக்கே.

சிகிச்சையின் முதற்படி அம்மருந்தை உடனே நிறுத்துவதாகும். எவ்வளவு விரைவில் நிறுத்தப்படுகிறதோ அவ்வளவுக்குப் பிழைக்கும் வாய்ப்பு கூடும். பின்னர் தீக்காயம் பட்டவரைப் பராமரிப்பது போலவே பராமரிக்க வேண்டும். நீரிழப்பை ஈடுசெய்தல், உடற்சூடு குறையாது காத்தல், கிருமித் தொற்றைத் தடுத்தல், முதல் நாளிலிருந்தே கண் வைத்தியரை அழைத்தல் ஆகியன அவசியம். நண்பர் பிழைத்தார். ஆயின் கண்ணீர் வற்றிய கண்களோடு அவரால் ஒரு பக்கத்தைத் தொடர்ந்து வாசிக்க இயலாது. எழுத்துப் பிழைகளைத் தேடியே வாழ்ந்த கண்கள் அவை.

இதில் மரபணுவுக்கும் பங்குண்டு. கார்பமசெபினால் இந்நோய் வந்த ஹான் சீனரிடம் எச்.எல்.ஏ.-பி 1502 என்னும் மரபணு வகை காணப்படுவதைத் தாய்வான் ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்டனர். அலோபியூரினோலுக்கும் இத்தகைய தொடர்பை 2005இற் காட்டினர். ஆசிய வம்சாவளியினர்க்குக் கார்பமசெபின் கொடுக்குமுன் இம்மரபணுவைச் சோதிக்குமாறு அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் 2007இல் அறிவுறுத்தியது.

மரபணுச் சோதனை எல்லோர்க்கும் எட்டாது. மருந்தின் பெயரை அறிந்திருத்தல் எல்லோர்க்கும் இயலும். மருந்துகளை வணிகப் பெயரால் அன்றிப் பொதுப்பெயரால் வழங்க வேண்டும் என்று போராடியவர் பேராசிரியர் சேனக பிபிலே. அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் 1971இல் உருவாகக் காரணமானவரும் அவரே. விலை குறைய வேண்டும் என்பது அவரது முதல் நோக்கம். எனினும் பொதுப்பெயரால் இன்னொரு நன்மையும் உண்டு. செப்ரினால் ஒவ்வாமை வந்தவர்க்குப் பக்ரிம் கொடுக்கப்பட்டால், அது அதே மருந்துதான் என்பதைப் பொதுப்பெயரே காட்டிக்கொடுக்கும். ஒருமுறை இந்நோய் வந்தவர்க்கு அம்மருந்து மீண்டும் சென்றால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஆகவே வாசகர்களே, உறையில் மருந்தின் பெயரை எழுதித் தருமாறு கேளுங்கள். தொடங்கிய திகதியையும் குறித்து வையுங்கள். புதிய மருந்தெடுக்கும் நாட்களிற் காய்ச்சலோடு கண்ணோ வாயோ புண்ணானால், அடுத்த குளிசையைப் போடுமுன் அந்த உறையோடு வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.