கரையுது நண்டுத் தீவு!

அமெரிக்காவுல படிக்கிற பசங்க லீவு கிடைச்சா நியூயார்க், நயாகரானு கிளம்பிடுவாங்க. வர்ஜீனியாவில் எம்.எஸ். சிவில் படிக்கிற நான் பிடிச்சது... தபால் படகு! மேரிலாந்தில் கிறிஸ்ஃபீல்டு துறையில் ஏறினா, செசபீக் விரிகுடாவின் நடுவே இருக்கிற டாஞ்சியர் தீவில் இறக்கிவிடுது.

தெருவில் ஓடுறதெல்லாம் கோல்ஃப் வண்டியும் சைக்கிளும்தான். ஒரே ஸ்கூல், எல்லா வகுப்பும் அங்கேயேதான். மது விற்பனை கிடையாது (ஸாரி மச்சி!). மேட்டு நிலம் கம்மிங்கிறதால, சில வீடுகளோட வாசல்லயே தாத்தா, பாட்டி கல்லறைகள்.

பேச்சு இன்னும் ஜாலி. நினைக்கிறதுக்கு நேர் எதிரா சொல்வாங்க. நம்ம ஊர்ல 'ரொம்ப நல்லவன்டா நீ'னு இழுப்போமே, அதே டைப்!

என்னைப் படகில் கூட்டிட்டுப் போனவர் அறுபது வயசைத் தாண்டின நண்டு மீனவர். கம்பிக் கூண்டைத் தூக்கினதும் நீல நண்டுகள் சடசடன்னு கொட்டுச்சு. ஒண்ணை எடுத்து, துடுப்பு மாதிரி இருக்கிற கடைசிக் காலை வெளிச்சத்துல காட்டினார். ஓரத்துல சிவப்புக் கோடு. "இன்னும் ரெண்டு நாள்ல ஓட்டைக் கழட்டிடும்"னார். கோடு வெள்ளையா இருந்தா இன்னும் நாளாகுமாம்.

அந்த நண்டுகளைத் தண்ணிக்கு மேல கால் நட்டுக் கட்டின குடிசைத் தொட்டியில விடறாங்க. ராத்திரி பகலா சில மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்கணும். ஓடு கழண்டதும் வெளியே எடுக்கலைன்னா, புது ஓடு இறுகிடும், விலை போயிடும். எடுத்த நண்டை முழுசா வறுத்து பிரெட்டுக்குள்ள வெச்சுத் தர்றாங்க. கடிச்சுத் துப்ப எதுவுமே இல்லை. செம!

பிறகு படகை வடக்கே திருப்பினார். அப்பர்ட்ஸ்னு பேர். ஒரு காலத்தில் அங்கேயும் ஊர்கள் இருந்துச்சு. கரை அரிக்க அரிக்க ஜனங்க தெற்கே வந்துட்டாங்க. இப்ப சதுப்புப் புல்லும் தண்ணியும்தான். 2012-ல் சாண்டி புயல் வந்தப்போ அங்கிருந்த பழைய கல்லறைகளையும் அலை விடலை.

1850-ல் இருந்த நிலத்தில் மூணில் ரெண்டு பங்கு போயிடுச்சுன்னு 2015-ல் வந்த ஆய்வு சொல்லுது. காரணம் என்ன? கடல் மட்டம் உயருதுன்னு நான் சொன்னேன். "அலை அரிக்குது, அவ்வளவுதான்"னு அவர் சொன்னார். ரெண்டும் உண்மைதான். கடலும் உயருது, நிலமும் மெள்ள இறங்குது, அலையும் தின்னுது. ஆனா அரிப்புன்னா கல்லைப் போட்டுத் தடுக்கலாம். கடலே உயருதுன்னா என்ன செய்யறது? அவர் எதுக்கு அதை ஒத்துக்க மாட்டேங்கறார்னு அப்பதான் புரிஞ்சுது.

2010 கணக்கெடுப்பில் 727 பேர் இருந்த ஊர்ல 2020-ல் 436 பேர். இளைஞர்கள் பலர் இழுவைக் கப்பல் வேலைக்குப் போயிடறாங்க.

"என்ன படிக்கிறே?"ன்னார். "சிவில் இன்ஜினீயரிங்"னேன். "அப்ப அடுத்த தடவை வரும்போது நிறைய கல் கொண்டு வா!"

சிரிச்சுக்கிட்டுதான் சொன்னார். இந்த ஒண்ணை மட்டும் அவர் எதிரா சொல்லலை.

போகணும்னா சம்மர்ல போங்க, நண்டு சீஸன். கொஞ்சம் சீக்கிரமாவே போங்க!