நிகுலிஸ்தேவில் ஓர் ஒலிப்பதிவு இரவு

எஸ்தோனியத் தலைநகர் தாலினின் பழைய நகரத்திலுள்ள நிகுலிஸ்தே தேவாலயம் இப்போது வழிபாட்டிடம் அல்ல. 13ஆம் நூற்றாண்டில் எழுந்த கட்டடம். 1944 மார்ச்சில் சோவியத் விமானங்கள் குண்டு வீசியதில் எரிந்தது. பல ஆண்டுச் சீரமைப்புக்குப் பிறகு 1984இல் அருங்காட்சியகமாகவும் இசையரங்காகவும் திறந்தார்கள். பெர்ன்ட் நோட்கேயின் ‘மரண நடனம்’ ஓவியத்தைப் பார்க்கத்தான் பெரும்பாலோர் வருகிறார்கள். என்னை அங்கே இழுத்தது எஸ்தோனிய ஃபில்ஹார்மோனிக் சேம்பர் கொயர். இசையமைப்பாளர் ஆர்வோ பார்ட்டின் ‘கானோன் பொகாயனென்’ என்ற நீண்ட படைப்பை அவர்கள் 1997இல் பதிவு செய்தது இந்தக் கூரையின் கீழ்தான். அந்த இசைத்தட்டைக் கேட்டுக் கேட்டே இந்தப் பாடகர்கள் வேலை செய்வதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு வளர்ந்தது.

எஸ்தோனியாவில் பாடத் தெரியாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 1869இல் தார்த்துவில் தொடங்கிய பாடல் விழா இன்றும் நடக்கிறது. ஒரே மேடையில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து பாடுகிறார்கள். சோவியத் பிடியிலிருந்து விடுபட்ட போராட்டத்துக்கே ‘பாடும் புரட்சி’ என்றுதான் பெயர். ஊரே பாடும் நாட்டில், இருபது இருபத்தைந்து பேரை மட்டும் சம்பளத்துக்குப் பாட வைப்பது எதற்கு? 1981இல் தோனு கல்யூஸ்தே இந்தக் குழுவைத் தொடங்கியதன் காரணம், நிகுலிஸ்தேவில் அவர்களின் ஒலிப்பதிவைப் பார்க்க வாய்த்த ஓர் இரவில் எனக்குக் கண்முன்னே விளங்கியது.

பார்வையாளர்கள் போய், கதவைச் சாத்திய பிறகே வேலை தொடங்கியது. பகலில் தெருவின் இரைச்சல் கல்சுவரைத் தாண்டி வந்துவிடும். வெப்பமூட்டியையும் அணைத்துவிட்டார்கள், அதன் முனகல் மைக்கில் விழும். பாடகர்கள் கம்பளிச் சட்டையோடு அரைவட்டமாக நின்றார்கள். சிலர் காலணியைக் கழற்றிவிட்டு, தடித்த காலுறையோடு கல்தரையில் நின்றார்கள். வளையல், கைக்கடிகாரம் எதுவும் கிடையாது. பாடும்போது தாளைத் திருப்பக் கூடாது என்பதால், அந்தப் பகுதிக்கு வேண்டிய பக்கங்களைத் தாங்கியில் பரப்பி வைத்துக்கொண்டார்கள். தலைக்கு மேல் வெகு உயரத்தில் மைக்குகள்.

எடுத்துக்கொண்டது பார்ட்டின் சிறிய படைப்பு ஒன்று. 1976இல் அவர் கண்டடைந்த முறையில் ஒரு குரல் படிப்படியாக ஏறி இறங்கும். அதன் துணைக்குரல் ஒரே முச்சுரக் கோவைக்குள் மட்டுமே தாவும். தாளில் பார்த்தால் பள்ளிப் பிள்ளைகள்கூடப் பாடலாம் போலிருக்கும். பாட நின்றால்தான் தெரியும், ஒளிந்துகொள்ள இடமே இல்லை என்று. ஒருவர் இம்மி பிசகினாலும் அது வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது.

துணைக்கு வாத்தியமும் இல்லை, தம்புராவும் இல்லை. நடத்துநர் சுருதிக் கவையைத் தட்டிக் காதில் வைத்து, மெல்ல முனகிச் சுரம் கொடுப்பார். அவ்வளவுதான் ஆதாரம். பியானோவின் பெரிய மூன்றாம் சுரம் இவர்களுக்கு ஆகாது. அதைவிடச் சுமார் 14 சென்ட் கீழே போய் நிற்கிறார்கள். நம் தம்புராவில் தானாகவே எழுகிறதே அந்த அந்தர காந்தாரம், அதே இடம். அங்கே தந்தியின் நாதம் உதவுகிறது. இங்கே பக்கத்தில் நிற்பவரின் குரலைக் கேட்டு அந்த இடத்தைப் பிடிக்க வேண்டும், அதுவும் ஒவ்வொரு கோவையிலும் புதிதாக.

மூச்சும் அப்படியே. ஒரு நீண்ட ஒலி அறுபடாமல் போக வேண்டுமானால் பக்கத்துப் பக்கத்து ஆட்கள் ஒரே நேரத்தில் மூச்சு வாங்கக் கூடாது. யார் எங்கே வாங்குவது என்று ஒவ்வொரு தாளிலும் பென்சில் குறி. ஒரு சொல்லின் கடைசி ‘ஸ்’ ஒலியை இரண்டு மூன்று பேர் மட்டுமே சொன்னார்கள். மற்றவர்கள் உயிரோசையோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்த ‘ஸ்’ ஒன்று முன்னால் விழுந்துவிட்டதற்காக ஒரு டேக் முழுவதும் போனது. யாரும் முகம் சுளிக்கவில்லை. பென்சிலை எடுத்தார்கள், குறித்தார்கள், மறுபடி நின்றார்கள்.

ஒலிப்பதிவுத் தயாரிப்பாளர் பக்கத்து அறையில் இசைத்தாளோடு உட்கார்ந்திருந்தார். ஒலிபெருக்கி வழியாக, டெனர் சற்று இறங்கிவிட்டது, இன்ன இடத்திலிருந்து மறுபடி, என்பார். அவர் சொல்லும் இடத்துக்குச் சில அடிகள் முன்பிருந்தே தொடங்குகிறார்கள். இந்தக் கட்டடத்தில் ஒலி சுவரில் பட்டுச் சில வினாடிகள் நின்று கரைகிறது. பழைய அடியின் எதிரொலி புதிய அடியின் கீழே கிடந்தால்தான் பின்னால் இரண்டு டேக்கை ஒட்ட முடியும். இப்படி ஒட்டி எடுப்பது நேர்மையான பாட்டு ஆகுமா என்று சிலர் கேட்பதுண்டு. ஆகும் என்பதே என் எண்ணம். ஒட்டுவதற்குத் தகுந்தாற்போல் ஒரே சுருதியில், ஒரே வேகத்தில், ஒரே நிறத்தில் நள்ளிரவில் மறுபடி மறுபடி பாடிக் கொடுக்க முடிவதுதான் இவர்களின் தொழில்திறம். ஓய்வு நேரத்தில் பாடுகிறவர்களிடம் இதை எதிர்பார்க்க முடியாது. கேட்பதும் நியாயமில்லை. சம்பளம் இதற்குத்தான். 2007இலும் 2014இலும் பார்ட் இசைத்தட்டுகளுக்குக் கிடைத்த கிராமி விருதுகளின் பின்னால் இருப்பதும் இந்த உழைப்பே.

இடைவேளையில் ஃபிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்த ஆல்டோ பாடகி ஒருவரிடம், பாடியதிலேயே கடினமானது எது என்று கேட்டேன். பார்ட்டைச் சொல்வார் என்று நினைத்தேன். வெல்யோ தோர்மிஸ் என்றார்.

தோர்மிஸ் 2017இல் மறைந்த இசையமைப்பாளர். பால்டிக் கரையோரச் சிறுபான்மை மக்களின் பாட்டுகளைத் தேடிச் சேகரித்து, லிவோனியர், வோத்தியர், இஷோரியர், இங்கிரிய ஃபின்னியர், வெப்ஸியர், கரேலியர் ஆகிய ஆறு இனத்தாருக்குமாக ‘மறக்கப்பட்ட மக்கள்’ என்ற தொகுதியைப் படைத்தார். கல்யூஸ்தேயும் இந்தக் குழுவும் பாடிய அந்தப் பதிவு 1992இல் இ.சி.எம். வெளியீடாக வந்தது. மொழிகள் எஸ்தோனியத்துக்கு உறவுதான்; ஆனால் உறவுமொழிதான் நாக்கை அதிகம் ஏமாற்றும் என்றார் அந்தப் பாடகி. லிவோனியத்தில் சில அசைகள் தொண்டையில் ஒரு கணம் தடைப்பட்டே வெளிவரும். குரலைத் தடையின்றி ஓடவிடப் பல ஆண்டு பழகியவர்கள், பொருள் மாறாதிருக்க, அதே குரலைக் குறித்த இடத்தில் மறிக்கப் பழக வேண்டும். எனக்காக ஒரு சொல்லை இரண்டு விதமாகவும் சொல்லிக் காட்டினார். முதல் தடவை எனக்கு வேறுபாடு பிடிபடவில்லை. மெதுவாக மறுபடி சொன்னார்.

லிவோனியத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களில் கடைசியானவராக அறியப்பட்ட கிரிசெல்டா கிறிஸ்தினா 2013இல் கனடாவில் காலமானார். இந்தப் பாடகி அந்த உச்சரிப்பைப் பழகியது 1992ஆம் ஆண்டு இசைத்தட்டைக் கேட்டும், குழுவில் மூத்தவர்கள் பென்சிலால் குறித்து வைத்திருந்த தாள்களைப் பார்த்தும்தான்.