பச்சை மண்ணில் ஒரு நீலக் கோடு

வீட்டில் பூப்போட்ட பீங்கான் தட்டு இருந்தால், பூவின் மேல் நகத்தால் மெல்லத் தடவிப் பாருங்கள். பூ நகத்தில் தட்டுப்பட்டால் அது பளபளப்புக்கு மேலே தீட்டிய சாயம். தேய்த்துக் கழுவக் கழுவ மங்கிவிடும். சீனர் கடைச் சேவல் கிண்ணங்களில் சேவலின் வால் காணாமல் போவது இதனால்தான். வழவழவென்று இருந்தால் சாயம் கண்ணாடிப் பூச்சுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது என்று பொருள்.

இந்த அடிச்சாயத்தைச் சுடாத மண்ணிலேயே தீட்டிவிடலாம். சீனாவில் ஜிங்டெசென் ஊர்க் குயவர்கள் பல நூறு ஆண்டுகளாகச் செய்துவரும் வழி அது. 1351ஆம் ஆண்டைக் குறித்து எழுதிய அவ்வூர் நீலச் சாடிகள் இரண்டு லண்டன் அரும்பொருளகத்தில் இருக்கின்றன. நீலம் இன்னும் வெளுக்கவில்லை.

எங்கள் தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் 11 பேர். அவர்களுக்கு இதைக் கற்றுக் கொடுத்தேன். ஆளுக்கொரு பாத்திரம் செய்து நிழலில் உலர்த்தினோம். உலர்ந்த பச்சைக் கலத்தை விளிம்பைப் பிடித்துத் தூக்கக் கூடாது, கையோடு வந்துவிடும். அடியில் இரு கைகளையும் கொடுத்து ஏந்த வேண்டும். பிறந்த குழந்தையைப் பச்சை மண் என்று நம் பாட்டிமார் சொல்வது சும்மாவா?

சாயம் தீட்டுவதில்தான் சங்கடம். காய்ந்த மண் தூரிகையின் ஈரத்தை உடனே குடித்துவிடும். தாளில் போல் அழித்து எழுத முடியாது; சுரண்டினால் வடு நிற்கும். தூரிகை தயங்கிய இடத்தில் சாயம் கூடுதலாக இறங்கி, சுட்டபின் கருநீலமாகத் தெரியும். பயந்த பிள்ளை யார், துணிந்த பிள்ளை யார் என்று பாத்திரமே சொல்லிவிடும்!

வகுப்பில் அதிகம் பேசாத பையன் ஒருவன் பால் மங்கு செய்தான். மங்கின்மேல் ஒரு ரப்பர் மரம், அதில் வெட்டுக்கோடு. அவன் பாட்டி 30 ஆண்டுகள் பால் வெட்டியவர். இப்போது தோட்டம் முழுக்கச் செம்பனை. ஆண்டு முடிவில் அந்தக் குடும்பம் பட்டணத்து அடுக்குமாடிக்குப் போகிறது. பேரன் ரப்பர் மரத்தைப் படத்தில்தான் பார்த்திருக்கிறான்.

சுடுவதற்கு முன் பாட்டி வந்து பார்த்தார். கோபால்ட் சாயம் அப்போது சாம்பலும் கறுப்புமாகத்தான் இருக்கும்.

"என்னா டீச்சர், கரியைப் பூசி வச்சிருக்கான்?" என்றார்.

பையன் முகம் வாடிவிட்டது.

ஆயர் ஈத்தாம் பக்கத்துச் சூளை ஒன்றில், முதலில் ஏறக்குறைய 1000 டிகிரியில் சுட்டு, கண்ணாடிப் பூச்சில் முக்கி, பிறகு 1200 டிகிரி வரை மறுபடி சுட்டார்கள். இரண்டு பாத்திரங்கள் முதல் சூட்டிலேயே பிளந்துவிட்டன. உள்ளே தங்கிய ஈரம் ஆவியானால் அப்படித்தான். சில்லுகளையும் பொறுக்கி வந்து உரிய பிள்ளைகளிடம் கொடுத்தேன். ஒருத்தி அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

மங்கு தப்பியது. நல்ல நீலம். பாட்டி அதைக் கையில் வாங்கி, கண்ணருகே கொண்டுபோய் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சாய்வு சரிதான், இடப்பக்கம் உசந்து வலப்பக்கம் இறங்குது. ஆனா இந்த எடத்துல ரொம்ப ஆழமா வெட்டிட்டான். மரம் புண்ணாப் போயிரும். கங்காணி பாத்தா ஏசுவாரு" என்றார்.

தூரிகை தயங்கிய அந்தக் கருநீல இடத்தைத்தான் சொன்னார்.

"அப்போ எவ்ளோ ஆழம் வெட்டணும் பாட்டி?" என்று கேட்டான் பையன்.

பாட்டி என் மேசைமேல் இருந்த அடிக்கோலை எடுத்து உளிபோல் பிடித்துக்கொண்டு, வகுப்பறைத் தூணருகே போய் நின்றார்.