அவசரமில்லாத சத்திரசிகிச்சை

தெஹிவளையில் நான் தொழும் பள்ளிவாசலில், முதலாவது ஸப்பின் இடது ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டிருக்கிறது. 2007ஆம் ஆண்டு நோன்பு மாதத்திலிருந்து அது என்னுடையது. அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. அறுபதைத் தாண்டியவர்கள் கதிரை தேடி வந்து, அதில் முன்னரே உட்கார்ந்திருக்கும் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். "எக்ஸிடன்டா?" என்று கேட்பவர்களிடம் 'ம்' என்று தலையாட்டிவிடுவேன். உண்மையைச் சொல்லத் தொடங்கினால் விளக்கம் முடிவதற்குள் இமாம் தக்பீர் கட்டிவிடுவார்.

உண்மை இதுதான். எனக்கு ஹீமோபீலியா. இரத்தம் உறைவதற்குத் தேவையான எட்டாம் காரணி என் உடலில் அநேகமாக இல்லை. சிறு வயதிலிருந்தே அடிபடாமலேயே மூட்டுக்குள் இரத்தம் கசியும். கசிந்த இரத்தத்திலுள்ள இரும்பு குருத்தெலும்பை அரித்துவிடும். என் இடது முழங்காலில் இப்போது எலும்பும் எலும்பும் நேருக்கு நேராக உரசுகின்றன. வெள்ளவத்தையில் நான் கணக்கெழுதும் புடவைக் கடையின் மாடிப்படியை நண்டு மாதிரிப் பக்கவாட்டாகத்தான் இறங்குகிறேன். இரவில் புரண்டு படுத்தால் விழிப்பு வந்துவிடும். பிறகு கடலோர ரயில்கள் போவதைக் கேட்டுக்கொண்டு கிடப்பேன்.

சென்ற ஆண்டு எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த என்பு வைத்தியர் சொன்னார்: "மேக்க ஹதிசி எகக் நெவெய்." இது அவசரமானதொன்றல்ல. விரும்பினால் மூட்டை மாற்றலாம், விரும்பாவிட்டால் இப்படியே இருக்கலாம். உயிருக்கு ஆபத்தில்லை. நல்ல மனிதர், நல்லதாகத்தான் சொன்னார். ஆனாலும் 'விரும்பினால்' என்ற அந்தச் சொல் செருப்புக்குள் அகப்பட்ட மணலைப் போல என்னோடு வீடு வரை வந்தது.

மற்றவர்களுக்கு இது பெரிய காரியமில்லை. ஹீமோபீலியா உள்ளவர்களுக்கும்கூட, எட்டாம் காரணியை ஊசியால் ஏற்றிக்கொண்டு மூட்டு மாற்றுகிறார்கள். எனக்கு அந்த வழி அடைபட்டது 2001இல். இடுப்புத் தசைக்குள் பெரிய இரத்தக்கசிவு. நாட்கணக்கில் காரணி ஏற்றினார்கள். கசிவு நின்றது, நானும் பிழைத்தேன். அடுத்த முறை அதே மருந்து வேலை செய்யவில்லை. உடல் அதை அந்நியன் என்று கண்டு பிறபொருளெதிரிகளை உண்டாக்கியிருந்தது. 'இன்ஹிபிட்டர்' என்பார்கள். கடுமையான ஹீமோபீலியா ஏ உள்ளவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு முப்பது பேருக்கு இது வரும். பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே வந்துவிடும். எனக்குத் தாமதமாக வந்தது. அதை அளக்கும் அலகின் பெயர் பெதெஸ்டா. 5 அலகைத் தாண்டினால் காரணியை மேலும் மேலும் ஏற்றிப் பயனில்லை. எனது ரிப்போர்ட்டில் 40 என்று இருந்தது.

பல வருடங்கள் காரணி ஏற்றாமலிருந்தால் அந்த அலகு குறைந்துகொண்டே போகும். எனக்கும் குறைந்தது. அதனால் மறந்துவிட்டது என்று நினைக்கக்கூடாது. மறுபடி ஒரு தடவை ஏற்றினால் ஒரு கிழமைக்குள் நினைவுபடுத்திக்கொண்டு மேலே வந்துவிடும். சில உறவினர்களின் கோபத்தைப் போல.

எங்கள் வீட்டில் நடந்த முதலாவது 'அவசரமில்லாத சத்திரசிகிச்சை' என் முழங்காலைப் பற்றியதல்ல. எனக்கு மூத்தவர் ஒருவர் இருந்தார். நான் காணாத நானா. 1974இல் ஒஸ்தா வந்து சுன்னத் வைத்தார். பந்தல் போட்டு, பிரியாணி ஆக்கி, சொந்தபந்தமெல்லாம் கூடியிருந்தது. இரத்தம் நின்றது, மறுபடி கசிந்தது, நின்றது, கசிந்தது. கண்ணூறு என்றார்கள். ஐந்தாம் நாள் மௌத்தானார். அதன் பின்னர் உம்மா எந்தச் சுன்னத் வீட்டுக்கும் போனதில்லை. என்னுடைய முறை வந்தபோது வாப்பா ஒஸ்தாவைக் கூப்பிடவில்லை. யாருக்கும் சொல்லவில்லை. 1987இல் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, யார் யாரோ தானம் செய்த இரத்தத்திலிருந்து எடுத்த கிரையோவை ஏற்றி, சத்திரசிகிச்சைக் கூடத்தில் செய்வித்தார்.

இந்த நோயைப் பற்றி எழுதுகிறவர்கள் விக்டோரியா மகாராணியின் பேரப்பிள்ளைகளிலிருந்தே தொடங்குகிறார்கள். நமக்கு அதைவிடப் பழைய சாட்சி இருக்கிறது. குர்துபாவுக்கு அருகில் வாழ்ந்து 1013இல் மறைந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, 'கிதாபுத் தஸ்ரீஃப்' என்னும் முப்பது பாகங்கள் கொண்ட தமது நூலில், ஒரு கிராமத்து ஆண்கள் சிறு காயம் பட்டாலும் இரத்தம் நிற்காமல் இறந்துபோவதைக் குறித்துவைத்தார். அந்தக் காலத்தின் மிகப் பெரிய சத்திரசிகிச்சை நிபுணர் அவர். கத்திகளையும் கொறடுகளையும் படம் வரைந்து காட்டியவர். கத்தி வைக்க முடியாத உடல்களும் இருக்கின்றன என்பதை அவரும் பார்த்திருக்கிறார்.

என்னைப் போன்ற உடலில் கத்தி வைக்கலாம் என்று துணிந்தது 1988இல், சுவீடனின் ஸ்டொக்ஹோமில். உல்லா ஹெட்னர் என்ற வைத்தியப் பெண்மணி, எட்டாம் காரணியின் பக்கமே போகாமல், செயலூட்டப்பட்ட ஏழாம் காரணியைக் கொடுத்து இரத்தத்தை உறையவைக்கலாம் என்று பல வருடங்களாக முயன்றுகொண்டிருந்தார். பூட்டிய முன்வாசலை விட்டுவிட்டுக் குசினிக் கதவால் நுழைவதைப் போன்ற யோசனை. ஆய்வுகூடத்தில் தயாரித்த அந்த மருந்தைக் கொடுத்து, இன்ஹிபிட்டர் உள்ள ஒருவரின் மூட்டைத் திறந்து வீங்கிய உட்சவ்வை அகற்றினார்கள். திறந்தது முழங்காலை. அதுவும் உயிரைக் காப்பாற்றச் செய்ததல்ல, ஒரு மனிதன் ஒழுங்காக நடக்கவேண்டும் என்பதற்காகச் செய்தது. அப்போது எனக்குப் பத்து வயது. இதை வாசித்த அன்று அந்த முகம் தெரியாத மனிதனுக்காக இரண்டு ரக்அத் தொழுதேன், கதிரையில் இருந்தபடி.

அதே மருந்துதான் எனக்கும். கணக்கெழுதுகிறவன் என்பதால் கணக்குப் பார்த்தேன். கிலோவுக்கு 90 மைக்ரோகிராம், என் நிறை 60 கிலோ, ஒரு தடவைக்கு 5.4 மில்லிகிராம். பெரிய சத்திரசிகிச்சைக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை வீதம் ஐந்து நாட்கள். 60 தடவை, 324 மில்லிகிராம். 5 மில்லிகிராம் குப்பிகளில் 65. அதன்பிறகு காயம் ஆறும்வரை நான்கு மணித்தியாலத்துக்கு ஒன்று. குப்பி ஒன்றின் விலையை இங்கே எழுதினால் வாசிக்கிறவர் அச்சுப்பிழை என்று நினைப்பார். இலவச வைத்தியம் உள்ள நாடு. நான் காசு கொடுக்கவேண்டியதில்லை. அதனால்தான் இந்தக் கணக்கு என்னைத் தூங்கவிடவில்லை.

ஏனென்றால் என் தங்கச்சியின் மகனுக்கும் இதே நோய், இதே இன்ஹிபிட்டர். ஏழு வயது, 22 கிலோ. அவன் விழுந்து தலைக்குள் கசிந்தால் அவனுக்கும் இதே குப்பிதான், ஒரு தடவைக்கு 2 மில்லிகிராம். என் முழங்காலின் முதல் ஐந்து நாட்கள் அவனுக்கு 162 தடவைகள். 2022இல் நாட்டில் டொலர் இல்லாமல் சாதாரண மருந்துக்கே ஆஸ்பத்திரிகள் தவித்ததை நாம் எல்லாரும் பார்த்தோம். அந்தக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து, அவசரமில்லாத ஒன்றுக்காக 65 குப்பிகளை எடுக்கச் சொல்வதா?

இதைச் சொன்னபோது இரத்தநோய் வைத்தியர் கொஞ்சம் கோபித்துக்கொண்டார். "குப்பியைப் பங்குவைக்கிறது எங்கட வேலை. ஒங்கட வேலை, நோவுதா இல்லையா என்று சொல்றது."

நோகிறது என்றேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

பிறகு அவர் ஒளிக்காமல் பேசினார். இந்த மருந்து போதுமான அளவு வேலை செய்கிறதா என்று அளந்து சொல்ல நம்பகமான பரிசோதனை இல்லை. காயத்தையும் கட்டையும் பார்த்துத்தான் தீர்மானிக்கவேண்டும். கூடினால் உறையக்கூடாத இடத்தில் உறையும், குறைந்தால் கசியும். முதுகில் ஊசிபோட்டு விறைக்க வைக்க ஏலாது, முழு மயக்கம்தான். 2017இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட எமிசிசுமாப் என்ற ஊசியைத் தோலின் கீழ் கிழமைக்கோ மாதத்துக்கோ ஒரு தடவை போட்டுவந்தால் இன்ஹிபிட்டர் உள்ளவர்களுக்கும் கசிவே வெகுவாகக் குறைந்துவிடுகிறதாம். ஆனால் அது போன மூட்டைத் திருப்பித் தராது. அது மருமகனுக்கு உரிய மருந்து. அவனுக்கு அது கிடைக்கவேண்டும் என்பதே இப்போது எங்கள் துஆ.

"மூட்டு மாத்தினா சுஜூது செய்யலாமா டொக்டர்?" என்று என்பு வைத்தியரிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. நோவு போகும், இரவில் தூங்கலாம், படி இறங்கலாம். மடங்குவது இப்போதிருப்பதைவிடப் பெரிதாகக் கூடாது. இவ்வளவு காலம் விறைத்திருந்த கால் அது. முழங்கால் குற்றித் தொழுவதை நினைக்கவேண்டாம்.

ஆக, கதிரை அப்படியேதான் இருக்கப்போகிறது. பள்ளியில் யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியப்போவதில்லை. 65 குப்பிகளும் ஒரு தூக்கத்துக்கு.

வீட்டில் இதைச் சொன்னேன். தங்கச்சி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "நானா, ஒங்களுக்கு ஒன்டு தெரியுமா? இவன் ஒங்களப் பாத்துத்தான் படி எறங்கப் பழகினவன். கால் நல்லா ஈக்கக்குள்ளயும் நண்டு மாதிரித்தான் எறங்குறான்." அதற்குமேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணைத் துடைத்தது வெங்காயத்துக்காகவும் இருக்கலாம்.

அடுத்த கிளினிக்கில் கையெழுத்து வைத்தேன். மருந்து முழுவதும் தனியாக ஒதுக்கப்பட்ட பிறகே திகதி தருவார்கள். அதுவரை தொடைத் தசையைப் பலப்படுத்தச் சொல்லியிருக்கிறார்கள். மஃரிபுக்குப் பின் கட்டிலில் காலை நீட்டி, கணுக்காலில் ஒரு கிலோ மணல் பையைக் கட்டி, உயர்த்திப் பத்து எண்ணிவிட்டு இறக்கவேண்டும், முப்பது தடவை. எண்ணுகிற பொறுப்பை மருமகன் எடுத்துக்கொண்டான். நான் களைத்துப்போனால் பதினேழிலிருந்து நேரே இருபதுக்குத் தாவிவிடுவான். தங்கச்சி குசினியிலிருந்து சத்தம் போட்டால் மறுபடி பதினெட்டுக்கு வருவான்.