மஞ்சள் விளக்கும் கணக்கில் வராத காற்றும்

கோயம்புத்தூர்

அன்புள்ள அம்மணிக்கு,

நீ அனுப்பிய ஸ்கேனர் படம் வந்து சேர்ந்தது. பி 0171, பி 0420 என்று இரண்டு கோடு. கடைக்காரர் இரண்டாவதை மட்டும் பார்த்துவிட்டு, "கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போயிருச்சு, புதுசு மாத்தணும். இல்லைன்னா உள்ளே இருக்கறதைத் தட்டி எடுத்துட்டு வெறும் கூடா மாட்டித் தர்றேன்" என்றாராம். இரண்டுக்கும் தலையாட்டிவிடாதே. முதல் கோடைச் சரி செய்யாமல் இரண்டாவதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஏன் என்று கேட்டிருக்கிறாய். போனில் சொன்னால் நீ ம் கொட்டிக்கொண்டே வேறு வேலை பார்ப்பாய், அதனால் எழுதுகிறேன்.

ஆக்சிலேட்டரை மிதித்தால் பெட்ரோல் திறக்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பெட்ரோல் வண்டியில் திறப்பது காற்றுக்கான வழி. த்ராட்டில் பாடிக்குள் ஒரு வட்டத் தகடு திரும்பும், அவ்வளவுதான். வந்த காற்று எவ்வளவு என்று பார்த்து அதற்கேற்ற பெட்ரோலை ஈசியூ, அதாவது எஞ்சினின் கம்ப்யூட்டர், தெளிக்கச் சொல்லும். கலப்பில்லாத பெட்ரோல் என்றால் எடைக்கணக்கில் 1 பங்குக்கு 14.7 பங்கு காற்று. எத்தனால் கலந்ததற்கு இது கொஞ்சம் குறையும்.

உன் வண்டியில் காற்றை அளப்பது ஏர் ஃபில்டர் பெட்டியைத் தாண்டியதும் இருக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார். உள்ளே ஒரு மெல்லிய சூடான கம்பி. ஓடுகிற காற்று அதை ஆற்றிக்கொண்டே இருக்கும். சூடு இறங்காமல் பிடித்து வைக்க எவ்வளவு கரண்ட் செலவாகிறது என்பதை வைத்துக் காற்றின் எடையைக் கணக்குப் போடுகிறார்கள். (உன் சிநேகிதன் சொன்ன அந்த எண்ணெய் தடவிய ஸ்போர்ட்ஸ் ஃபில்டர் வேண்டாம். எண்ணெய் அதிகமானால் இந்தக் கம்பியில் போய்ப் படியும்.)

இனிதான் விஷயம். சென்சாரைத் தாண்டிய பிறகு எங்காவது ரப்பர் வெடித்துக் காற்று உள்ளே புகுந்தால்? பின்வாசல் வழியாக ஏறியவனுக்குக் கண்டக்டர் டிக்கெட் கிழிக்கவில்லை, ஆனால் பஸ்ஸில் ஆள் இருக்கிறான். அந்தக் காற்றுக்குப் பெட்ரோல் போகாது, கலவை மெலிந்துவிடும். சைலன்சர் குழாயில் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் அதைக் கண்டுபிடித்துச் சொல்ல, ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகும். கூட்டிக் கூட்டியும் எல்லையைத் தாண்டினால் பி 0171.

காற்று எங்கே புகுகிறது? முதலில் பார்க்க வேண்டியது ஃபில்டர் பெட்டியிலிருந்து த்ராட்டில் வரைக்கும் போகும் மடிப்பு ரப்பர் குழாய். மடிப்பை விரித்துப் பார்த்தால்தான் வெடிப்புத் தெரியும். அடுத்து பிரேக் பூஸ்டர் குழாய். அதற்கடுத்து, பலரும் மறப்பது, புகைக்கட்டுப்பாட்டுச் சாமான்களே. பிஸ்டன் ஓரமாகக் கசிந்து ஆயில் இருக்கும் அறைக்குப் போன வாயுவை மறுபடி எரிக்க இழுப்பது பிசிவி வால்வு. டாங்கில் எழும் பெட்ரோல் ஆவியைக் கரித்தூள் நிரப்பிய கேனிஸ்டர் பிடித்து வைக்கும். பர்ஜ் வால்வு அதை எஞ்சினுக்கு அனுப்பும். இரண்டும் வந்து சேரும் இடம் த்ராட்டிலைத் தாண்டிய காற்று எஞ்சினுக்குப் போகும் மேனிஃபோல்டுதான். பிசிவி வால்வின் ரப்பர் கிழிந்தாலும், பர்ஜ் வால்வு மூடாமல் நின்றாலும் டிக்கெட் இல்லாத காற்றுத்தான். இஜிஆர் பற்றியும் கேட்டிருந்தாய். எரிந்த வாயுவில் கொஞ்சத்தைத் திருப்பி உள்ளே விட்டு எரியும் சூட்டைக் குறைக்கிற ஏற்பாடு அது. உன் கோடுக்கு அதைத் தேட வேண்டியதில்லை.

ஈசியூ பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதை ஸ்கேனரில் ஃப்யூவல் ட்ரிம் என்ற எண் காட்டும். ஐடிலில் அது பிளஸ் 20க்கு மேல் போய், 2500 ஆர்பிஎம்மில் இயல்புக்கு இறங்கினால் லீக்கைத் தேடு. ஐடிலில் எஞ்சின் இழுப்பதே கொஞ்சம் காற்று, அதில் திருட்டுக் காற்றின் பங்கு பெரிது. வேகம் கூடக்கூட அது ஒன்றுமில்லாமல் போகும். நேர்மாறாக, வேகத்தில் எண் ஏறினால் சென்சார் கம்பி அழுக்காக இருக்கும், அல்லது பெட்ரோல் பிரஷர் போதவில்லை.

கன்வெர்ட்டருக்கு வருகிறேன். தேன்கூட்டு ஓட்டைகளாகச் செய்த பீங்கான். மேலே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடு மூன்றையும் ஒன்றாக மாற்ற வேண்டுமென்றால், கலவை அந்த 14.7ஐ ஒட்டியே நிற்க வேண்டும். மெலிந்த கலவையில் நைட்ரஜன் ஆக்சைடு அப்படியே வெளியேறிவிடும். அதனால்தான் 1977 மாடலாகக் கலிஃபோர்னியாவில் விற்ற வால்வோவில் கன்வெர்ட்டரும் ஆக்சிஜன் சென்சாரும் ஜோடியாகவே வந்தன. நம் நாட்டில் 1995இல் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களின் புதுப் பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. ஈயம் பட்டால் பூச்சு செத்துவிடும் என்பதால் ஈயமில்லாப் பெட்ரோலும் கூடவே வர வேண்டியிருந்தது. 2000இல் அது நாடு முழுக்க வந்தது.

கலவை தடுமாறும்போதும், சைலன்சர் குழாயில் லீக் இருக்கும்போதும் நல்ல கன்வெர்ட்டருக்கும் பி 0420 வரலாம். லீக்கை அடைத்து, கோடை அழித்து, கொஞ்ச நாள் ஓட்டு. பிறகு கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைப் பார்க்கச் சொல். சூடேறிய வண்டியில் அது நிதானமாக நின்றால் கன்வெர்ட்டர் பிழைத்தது. முன் சென்சாரோடு சேர்ந்து குதித்தால் மாற்று, செலவுக்கு நான் அண்ணனிடம் பேசுகிறேன். தட்டி எடுப்பதை மட்டும் செய்யாதே. சட்டமும் ஒத்துக்கொள்ளாது, எடுக்கிறவர்கள் அந்தப் பூச்சுத் துண்டுகளைக் குப்பையில் போடுவதுமில்லை.

டாஷ்போர்டில் அந்த மஞ்சள் எஞ்சின் விளக்கு நிலையாக எரியும்வரை கடைக்கு ஓட்டிப் போகலாம். விட்டுவிட்டு மின்னினால் ஓரம்கட்டி நிறுத்து; பெட்ரோல் எரியாமல் போய்க் கன்வெர்ட்டருக்குள் எரிகிறது, பீங்கானே உருகிவிடும். பங்கில் பைப் தானாக நின்ற பிறகு கழுத்து வரைக்கும் நிரப்பச் சொல்லும் பழக்கத்தையும் விடு. பெட்ரோல் கேனிஸ்டருக்குள் போய்க் கரித்தூளை நனைத்துவிடும்.

ஐடிலில் ஒன்று, 2500இல் ஒன்று என ட்ரிம் எண்ணைப் படமெடுத்து அனுப்பு. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு எடு. அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சித்தப்பா