ஓடாமல் கெட்ட கம்ப்ரசர்

மலையில் இருப்பவர்களுக்குக் காரில் ஏசி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. காவலூர் வானாய்வகம் இருப்பது 725 மீட்டர் உயரத்தில். அந்தப் பக்கமும் ஜமுனாமரத்தூரிலும் கண்ணாடியை இறக்கிவிட்டாலே பல மாதங்களுக்குப் போதும். ஆனால் சித்திரை வெயிலில் வீட்டுப் பெரியவரை வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக ஏசி வேண்டும். அன்றைக்குப் பார்த்து அது அனல்காற்றை ஊதும்.

ஆலங்காயத்துப் பட்டறையில் நான் பார்த்த மாருதி 800-இன் கதை அதுதான். அந்த மாடலின் உற்பத்தி 2014 ஜனவரியோடு நின்றுவிட்டது. வேறோர் இடத்தில் "கம்ப்ரசர் போச்சு, மாத்தணும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

மூத்த மெக்கானிக் முதலில் ஸ்பானரைத் தொடவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, ஏசியைப் போடச் சொல்லிக் காது கொடுத்துக் கேட்டார். கம்ப்ரசர் கிளட்ச் ஒட்டும் 'டக்' சத்தம் வரவில்லை. ஃபியூஸும் ரிலேவும் நன்றாக இருந்தன. எஞ்சினை அணைத்து கேஜை மாட்டினார். முப்பது டிகிரி வெப்பத்தில் நிற்கும் வண்டியில் ஆர்-134ஏ கேஸ் ஏறக்குறைய 97 பிஎஸ்ஐ காட்ட வேண்டும். முள் இருபதைக்கூடத் தொடவில்லை.

"கேஸே இல்லண்ணா. அதான் பிரஷர் ஸ்விட்ச் கிளட்சை ஒட்ட விடல. கம்ப்ரசர் நல்லாத்தான் இருக்கு."

கம்ப்ரசருக்கு வேண்டிய எண்ணெய் கேஸோடு கலந்துதான் சுற்றி வருகிறது. கேஸ் குறைந்தால் எண்ணெய் திரும்பி வராது. அதைக் காக்கத்தான் அந்த ஸ்விட்ச். சில இடங்களில் அதையே ஒயர் போட்டு 'டைரக்ட்' பண்ணிவிடுகிறார்கள். இரண்டு நாள் குளிரும். பிறகு கம்ப்ரசர் ஜாம் ஆகிவிடும். இதை நான் தொழில் துரோகம் என்றே சொல்வேன்.

கசிவு எங்கே? கிளட்ச் தட்டுக்குப் பின்னால் புழுதி எண்ணெயில் ஊறிக் கறுப்பாக அப்பியிருந்தது. விரலால் வழித்து உரிமையாளரிடம் காட்டினார். நைட்ரஜன் ஏற்றி சோப்பு நுரை தடவியதும் அதே இடத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்பின. ஷாஃப்ட் சீல் போயிருந்தது. மாதக்கணக்கில் ஏசி போடாததால் எண்ணெய் படாமல் காய்ந்த சீல் அது. ஏற்றத்தில் மட்டும் குளிர் நின்றுபோகும் வண்டி என்றால் கதை வேறு: மெதுவாக ஊரும்போது கண்டென்சருக்குக் காற்று போதாது, அங்கே ஃபேனைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சீலையும் டிரையரையும் மாற்றி, வேக்கம் போட்டு, முள் அசையாமல் நிற்கிறதா என்று வெகுநேரம் காத்திருந்தார்கள். பிறகு பானெட் ஸ்டிக்கரில் உள்ள அளவுப்படி, தராசில் எடை பார்த்து கேஸ் ஏற்றினார்கள். "மார்கழியிலயும் வாரத்துக்கு ஒருதரம் பத்து நிமிஷம் ஏசி போட்டு ஓட்டுங்கண்ணா" என்று சொல்லி அனுப்பினார்.

கேஸ் ஏற்றிய பையனின் ஆள்காட்டி விரலில் வெள்ளைத் தழும்பு. ஆர்-134ஏ கொதிப்பது மைனஸ் 26 டிகிரியில். தோலில் பீறிட்டால் புண்தான். கையுறை அங்கே கிடையாது. பழைய கேஸை உறிஞ்சிச் சேமிக்கும் இயந்திரமும் கிடையாது, அது காற்றில்தான் போகிறது. எடைக்கு எடை பார்த்தால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வலுவான வாயு இது. இதைக் குறைக்கும் கிகாலி திருத்தத்தை இந்தியா 2021-இல் ஏற்றது. ஆலங்காயம் மாதிரி ஊர்ப் பட்டறைகளுக்கு கேஸ் உறிஞ்சும் இயந்திரத்தை மானியத்தில் கொடுக்க வேண்டும், கையுறையோடு.