கிண்டர் மேட்டிலே

இங்கிலாந்தில் மான்செஸ்டர், ஷெப்பீல்டு என்ற இரண்டு ஆலை நகரங்களுக்கும் நடுவே கிண்டர் ஸ்கவுட் என்றொரு மேட்டு நிலம் கிடக்கிறது. உயரம் 636 மீட்டர்தான். நமது நீலகிரியையும் பழனி மலையையும் கண்டவர்கள் இதை மலையென்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆயினும் இதன்மீது நடக்கப் போன வாலிபர் ஐவர் சிறை புகுந்தனர். அவர்கள் போன வழியை ஒரு முழுப்பகல் நடந்து பார்ப்பதென்று, ஏப்ரல் மாதக் காலையொன்றில், நாங்கள் ஆறு பேர் ஹேபீல்டு கிராமத்திலிருந்து புறப்பட்டோம்.

அரை மணி நேரத்தில், போடன் பாலத்தருகே பழைய கல்லுடைக்கும் குழி எதிர்ப்பட்டது. பாறையில் ஒரு நினைவுப் பலகை பதித்திருக்கிறார்கள். 1932-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, இங்கேதான் சுமார் 400 பேர் கூடினர். பெரும்பாலோர் ஆலைகளிலும் பட்டறைகளிலும் உழைத்தவர்கள். நல்ல காற்றுக்கு அவர்களுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் உண்டு. அந்தக் காற்றோ பிரபுக்களின் வேட்டைக்குச் சொந்தமாயிருந்தது! முன்னாளில் ஊர்ப் பொதுவாயிருந்த மேடு சட்டங்களால் வளைக்கப்பட்டு, கிரவுஸ் என்னும் காட்டுக்கோழியைச் சுடுவதற்காகக் காவல் வைக்கப்பட்டிருந்தது. கூட்டத்தில் எழுந்து பேசியவர் பென்னி ராத்மன் என்ற இருபது வயதுத் தொழிலாளி.

வில்லியம் கிளஃப் என்ற ஓடைப் பள்ளத்தின் வழியே ஏறினோம். இந்தச் சரிவில்தான் தடியேந்திய காவற்காரர்கள் குறுக்கிட்டனர். கைகலப்பில் அவர்களுள் ஒருவர் காயமுற்றார். கூட்டம் மேலேறி, ஷெப்பீல்டிலிருந்து மறுபுறமாக வந்தவர்களைச் சந்தித்துத் திரும்பியது. கீழே போலீஸார் காத்திருந்தனர். ஜூலையில் டெர்பி நகர நீதிமன்றம் ஐவருக்கு 2 மாதம் முதல் 6 மாதம் வரை தண்டனை விதித்தது. ராத்மனுக்கு 4 மாதம்.

அதற்கு ஏழு மாதம் முன்பு, 1931 செப்டம்பரில், பக்கத்து லங்காஷயரில் வேலையிழந்த ஆலைத் தொழிலாளரைக் காந்தியடிகள் கண்டு பேசியிருந்தார். இவர்கள் மேடேறிய அன்று அவர் எரவாடாச் சிறையில் இருந்தார். உப்பை அள்ளியதும் மேட்டில் நடந்ததும் சமமென்று சொன்னால் மிகையாகும். ஆயினும் கடலும் காற்றும் யாருடையவை என்ற கேள்வி இரண்டிலும் ஒன்றே என்று எங்களுக்குத் தோன்றிற்று.

மேட்டின் விளிம்பில் மேல்காற்று வழிமறித்தது. கிண்டர் அருவி கீழே விழவேண்டியது. காற்று அதைத் திருப்பி வானத்தில் எறிந்துகொண்டிருந்தது. நனைந்தபடியே ரொட்டி தின்றோம். பாதி வெள்ளையும் பாதி பழுப்புமாக மலைமுயல் ஒன்று எங்களைப் பார்த்துவிட்டு ஓடிற்று. குளிர்காலத்து வெள்ளை உரோமம் அதற்கு இன்னும் உதிர்ந்து முடியவில்லை.

பிறகு நடுமேட்டைக் குறுக்கே கடந்தோம். ஆளுயரத்துக்கு மேல் அரிக்கப்பட்ட கரிய வாய்க்கால்கள் எல்லாத் திசையிலும் கிளைக்கின்றன. நீரில் ஊறிய பாசி முழுதும் மக்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்த இம்மண்ணைப் பீட் என்பார்கள். ஆலைப் புகையின் அமிலம் பாசியைக் கொன்றது. தீயும் ஆடுகளும் எஞ்சியதை அழித்தன. மழை மண்ணைக் கரைத்தது. இப்போது வாய்க்கால்களில் சிறு அணைகள் கட்டி, பாசி நாற்று நட்டு வருகிறார்கள். இரண்டோரிடங்களில் அது பச்சென்று பிடித்திருந்தது.

பிற்பகலில் மூடுபனி இறங்கவே, 10 அடிக்கப்பால் முகம் தெரியவில்லை. திசைகாட்டி ஏந்திய நண்பர் முன்னே செல்ல, ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டே வாய்க்கால்களில் இறங்கியேறினோம். எங்களுள் மூத்தவரான ஆசிரியை அம்மாள் முழங்கால்வரை சேற்றில் அமிழ்ந்தார். நால்வர் பிடித்திழுத்ததில் அம்மாள் வந்தார். பூட்ஸ் வர மறுத்தது. அதைத் தனியே தோண்டியெடுத்தோம். "ராத்மனுக்கு நான்கு மாதம், எனக்கு நான்கு நிமிஷம்" என்றார் அம்மாள்.

கிரிண்ட்ஸ்புரூக் பள்ளத்தில் இறங்கியதும் பனி விலகியது. எடேல் கிராமத்து ரெயில் நிலையத்தில் உட்கார்ந்து பேசினோம். 1949-இல் சட்டம் வந்தது; 1951-இல் இப்பிரதேசம் அந்நாட்டின் முதல் தேசியப் பூங்காவாயிற்று; 2000-ஆம் ஆண்டுச் சட்டம் மேட்டு நிலங்களில் நடக்கும் உரிமையை அளித்தது. 2002-இல், எழுபதாம் ஆண்டு விழாவில், டெவன்ஷயர் பிரபு தம் பாட்டனார் செய்தது பெருந்தவறென்று கூட்டத்தின் முன் வருத்தம் தெரிவித்தார்.

"இவ்வளவும் சேர்த்து இங்கிலாந்து நிலத்தில் நூற்றுக்கு எட்டுப் பங்கு அளவில்தான்" என்றார் திசைகாட்டி நண்பர். மீதியைப் பற்றிச் சொல்லத் தொடங்குவதற்குள் ஷெப்பீல்டு ரெயில் வந்துவிட்டது.